மூன்று மூச்சு நேரம்

போர்ட் ஆஃப் ஸ்பெயின்,
ட்ரினிடாட்.
27 செப்டம்பர் 2017

அன்புள்ள ஒடெட்,

நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு நாளை ஒரு படகு டொமினிக்காவுக்குப் புறப்படுகிறது. அதன் எஞ்சின்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே போன் இல்லை, இனி எப்போது வருமோ தெரியாது. உன் ரேடியோவில் பேசலாம்தான். ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கரீபியக் கடல் முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஏற்கெனவே கேட்டது போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று வெள்ளிக்கிழமை நீ வாசித்ததைக் கேட்டேன். கேட்ட இடத்திலேயே முழங்காலில் விழுந்து ஜெபம் செய்தேன். நான் கோயில் பக்கம் போய் எத்தனை வருஷம் என்று உனக்குத் தெரியும். நீ நன்றாக இருக்கிறாய் என்பதை உன் குரலே சொன்னது. படகில் இரண்டு தார்ப்பாய், ஒரு மூட்டை அரிசி, சார்டின் டின்கள், அம்மாவுக்குப் பெப்பர்மின்ட், உனக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வைத்திருக்கிறேன். யாரும் வழியில் இறக்கிக்கொள்ளாமல் பார்த்து வாங்கிக்கொள்.

இனி மனதில் கிடப்பதைக் கொட்டுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிக்குப் போனேன். எங்கள் திரையில் ஒவ்வொரு கோபுரமும் ஒரு பச்சைப் புள்ளி. டொமினிக்கா இருந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அதில் ஐந்து கோபுரம் நான் ஏறி போல்ட் முறுக்கிய கோபுரம். மரியா புயல் ஒரே ராத்திரியில் அத்தனையையும் படுக்க வைத்துவிட்டது. அம்மா மோர்ன் கப்ரி மலையில் ஆடுகளோடு தனியாக இருக்கிறாள், நீ கடற்கரையில் இருக்கிறாய். நான் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். யாரோ ஒருவன் சொன்னான், இங்கே குரெப் ஊரில் ராம்கிஸ்ஸூன் என்று ஒரு பெரியவர் வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறார், அவருக்கு மட்டும் அங்கிருந்து குரல் கேட்கிறது என்று. வேலையில் கூட இருக்கும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே கேட்ட குரல் உன்னுடையது. மூன்று வருஷமாக நான் "தகர டப்பா" என்று கேலி செய்த பெட்டியிலிருந்து.

ஒன்றரை நாள் அந்தப் பெரியவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ யார் யார் பெயரையெல்லாமோ வாசித்தாய். ப்ராஸ்பர் என்ற பெயர் வரவே இல்லை. புதன்கிழமை மதியம் ராம்கிஸ்ஸூன் தேநீர் எடுக்க உள்ளே போனார். போகும்போது, "தம்பி, கேட்டுக்கிட்டு மட்டும் இரு, எதுலயும் கை வைக்காத" என்றார். அப்போது யாரும் பேசவில்லை. ஒடெட், இதை நன்றாகக் கேட்டுக்கொள், யாரும் பேசவில்லை. வெறும் இரைச்சல். அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழும் அளவுக்கு நான் மரியாதை தெரியாதவன் இல்லை. மைக்கை அழுத்தி, "ஒடெட்! நான் கிளெம்! அம்மா எங்க இருக்கா? இருக்காளா இல்லையா, அத மட்டும் சொல்லு!" என்று கத்தினேன்.

அதற்கு நீ சொன்ன பதில்: "எல்லாரும் நிறுத்துங்க! ட்ரினிடாட், வாய மூடு!"

என் குரல் உனக்குத் தெரியாதா? பதினாறு வருஷக் கல்யாணம். கேட்ட மாத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு நான் தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். ஸ்பீக்கரில் அதைக் கேட்டுவிட்டு என் பின்னாலேயே இறங்கி வந்த அந்த இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஆனால் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் கம்பெனி யார்டில் நான் வாயைத் திறந்தாலே போதும், "ட்ரினிடாட், வாய மூடு!" தேநீர் கொண்டுவரும் கிழவிகூடச் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது நீ வாசித்தாய்: "எண் நூத்தி நாப்பத்தி மூணு. மட்டில்டா ப்ராஸ்பர். உயிருடன். மருத்துவமனையில். அடுத்தது." அவ்வளவுதான். கிளெம் என்று ஒரு சொல் இல்லை. அரிசி மூட்டைக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் பரிவாகப் பேர் சொல்வார்கள்.

இனி அந்த வீட்டில் என்ன இருக்கிறது? அரிமாவில் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன். அம்மா குணமானதும் அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வா. பெட்டிதான் முக்கியம் என்றால் அதையும் சொல்லிவிடு. எந்த முகத்தோடு நான் அங்கே திரும்பி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

வருத்தத்துடன்,
கிளெமென்ட்

*

ஆன்ஸ் க்ளோட்,
டொமினிக்கா.
9 அக்டோபர் 2017

என் செல்ல டூடூ கிளெம்,

காகிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மீன் சங்கத்தில் ஐஸ்கட்டி கணக்கெழுதும் நோட்டு இது. ஊரில் நனையாத காகிதம் இது ஒன்றுதான். சாமான்கள் வந்தன, ஒன்றும் குறையவில்லை. பூட்ஸ் ஒரு அளவு பெரிது. பதினாறு வருஷக் கல்யாணம் என்று கணக்குச் சொல்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டியின் கால் அளவு தெரியவில்லை. உள்ளே துணி திணித்துப் போட்டுக்கொள்கிறேன்.

படுக்கையறைக் கூரை போய்விட்டது. சமையலறைக் கூரை பாதி இருக்கிறது. வாசற்கதவு எங்கே போனதென்றே தெரியவில்லை. மலையில் ஒரு இலை இல்லை, தீ வைத்ததுபோல எல்லா மரமும் பழுப்பாக மொட்டையாக நிற்கிறது. விழுந்த ஈரப்பலாக்காய்களைச் சுட்டுத் தின்றே இரண்டு வாரம் ஓட்டினோம். உன் அரிசி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சட்டியோடு வந்து உட்கார்ந்து, அது வேகும் வரை பாட்டுப் பாடினார்கள்.

உன் கம்பெனிக் கோபுரங்களைப் புயல் படுக்க வைத்தது. என் ரேடியோக் கம்பத்தைத் திங்கட்கிழமை மத்தியானமே நானே படுக்க வைத்தேன். கம்பியைச் சுருட்டி மாவு டிரம்முக்குள் போட்டேன். பெட்டியையும் பேட்டரியையும் கட்டிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்தேன். விடிந்ததும் கோயில் மணிக்கூண்டுக்கும் ஒரு மொட்டைத் தென்னைக்கும் நடுவே கம்பியை இழுத்துக் கட்டினேன். ஏழு மணிக்குப் பேசிவிட்டேன். தீவு முழுக்க நாங்கள் ஒன்பது பேர். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பஸ் டிரைவர், வாத்தியார்கள் இரண்டு பேர், இப்படி. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு கார் பேட்டரி, ஒரு கம்பி. ஒரு ஊரின் சேதி அடுத்த ஊருக்குத் தாவி, அங்கிருந்து என்னிடம் வந்து, என்னிடமிருந்து தலைநகருக்கும் வெளி உலகுக்கும் போகும். பன்னிரண்டு நாள் இந்தத் தீவுக்கு வாயும் காதும் நாங்கள் ஒன்பது பேர்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

உன் அம்மாவைப் பற்றி. சுவர் சரிந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, ரத்தம் நிறையப் போயிருந்தது. ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கு அனுப்பித் தொடையில் கம்பி வைத்தார்கள். போன வாரம் திரும்பி வந்துவிட்டாள், இப்போது தலைநகர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். "அந்த ஊரு நர்சம்மாகிட்ட சூப்புல உப்பில்லன்னு சொன்னேன்டி. சிரிக்கிறா! அஞ்சு ஆடு அனாதையா மலையில நிக்குது, எனக்குக் கேரட் சூப்பு ஊத்துறாளுக" என்று திட்டித் தீர்த்தாள். இவ்வளவு திட்டுகிறவள் பிழைத்துக்கொள்வாள்.

இனி உன் வழக்குக்கு வருகிறேன்.

யாரும் பேசவில்லை என்கிறாய். நீ போன் கம்பெனி ஆள். உங்கள் ஊரில் லைன் சும்மா கிடந்தால் யாரும் எடுக்கலாம். எங்கள் வழக்கம் வேறு. ரேடியோக் கூட்டத்தை நடத்துகிறவள் ஒவ்வொரு சேதியை வாங்கி முடித்ததும் பேசாமல் இருப்பாள். நான் மூன்று மூச்சு விட்டு எண்ணுவேன். பலமான நிலையங்கள் எல்லாம் அப்போது வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த மூன்று மூச்சு நேரம், பேட்டரி சாகக் கிடக்கிறவனுக்கும், கம்பி தரையில் விழுந்துகிடக்கிறவனுக்கும், ஈனக்குரலில் கூப்பிடுகிறவனுக்கும் உரியது. அதில் ஒருவரும் பேசாவிட்டால் அது காலி என்று அர்த்தமில்லை. சந்தையில் யாரோ பை வைத்து இடம் பிடித்திருந்தால் அதை நகர்த்திவிட்டு உட்காருவாயா? கரண்டில் ஓடும் பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு நீ அந்த நேரத்துக்குள் வந்து கத்தினாய். வாயை மூடு என்பதோடு விட்டேனே என்று சந்தோஷப்படு.

பரிவில்லாமல் வாசித்தேன் என்கிறாய். உனக்கு முன் நூற்று நாற்பத்திரண்டு எண் இருந்தது, கிளெம். எல்லாவற்றையும் அதே குரலில்தான் வாசித்தேன். சில எண்களை வாசிக்க முடியாது. செத்தவர் பெயரை நாங்கள் காற்றில் சொல்வதில்லை, ஆள் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். உன் எண்ணுக்கு நான் சிரித்திருந்தால், அடுத்த எண்ணுக்கு நான் சிரிக்காதபோது, கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாய்க்கு என்ன புரிந்திருக்கும்? அதனால் யாருக்கும் சிரிக்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்றை வாசித்துவிட்டு மைக்கை அணைத்து, மேஜை மேல் தலையை வைத்து அழுதேன். அது காற்றில் போகவில்லை, அவ்வளவுதான்.

அரிமா அறைகள் நன்றாகத்தான் இருக்கும். நான் வர மாட்டேன்.

உன் ஒடெட்

*

போர்ட் ஆஃப் ஸ்பெயின்,
30 அக்டோபர் 2017

அன்புள்ள ஒடெட்,

உன் கடிதம் ஈரமாக வந்தது, மீன் நாற்றத்தோடு. முகர்ந்து பார்த்தேன், வீட்டு ஞாபகம் வந்தது. இதைப் போய் எழுதுகிறேன் பார்.

நீ வாசித்த விதத்தைப் பற்றி எழுதியது என் மண்டையில் ஏறியது. அந்த அடுத்த எண்ணுக்குரிய தாயைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதற்காக மன்னித்துக்கொள். அதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்த "வாய மூடு" இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. "கொஞ்சம் பொறு" என்று சொல்லியிருக்கலாம். "அப்புறம் பேசு" என்று சொல்லியிருக்கலாம். நாயைத் துரத்துவதுபோல ஒரு வார்த்தையைத் தேடி எடுத்தாயே, அது ஏன்? உங்கள் மூன்று மூச்சு வழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே யாராவது கூப்பிட்டார்களா, இல்லை வெறும் ஒழுங்குக்காகத்தான் என் வாயை அடைத்தாயா? இதற்கு நேராகப் பதில் சொல்.

இன்னொன்று. மோர்ன் கப்ரிக்குப் பாதையே இல்லை, பாலம் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே அம்மா சுவருக்கடியில் கிடக்கிறாள் என்று ஹெலிகாப்டர்காரனுக்கு யார் சொன்னார்கள்? அம்மாவுக்கு ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதிக் கேட்டேன். நர்சை விட்டு இரண்டே வரி எழுதச் சொல்லியிருக்கிறாள். "எல்லாம் உன் பொண்டாட்டிகிட்ட கேளு. பெப்பர்மின்ட் தீந்துபோச்சு." அந்த மனிதர் யாரென்று தெரிந்தால் அவருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன். பேராவது சொல்.

கம்பெனியில் இருந்து ஒரு குழு அங்கே வருகிறது. தற்காலிகக் கோபுரங்களை நிறுத்தி ஊர் ஊராக போனைத் திரும்பக் கொண்டுவரும் வேலை. என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். ஊர்க்காரன், மலை தெரிந்தவன் என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். சொந்தத் தீவுக்கு வேலைக்காரனாக வந்து, சொந்த வீட்டு வாசலில் எந்த உரிமையில் நிற்பது?

பிடிவாதக்காரன் என்பாய். சரி, நான் பிடிவாதக்காரன். நீ மட்டும் என்ன? ஒரே ஒரு வார்த்தை எழுது. "அவசரத்துல அப்படிச் சொல்லிட்டேன்" என்று எழுது, போதும். முடியாது என்று சொன்னதை மாற்றிக்கொண்டு அந்தக் குழுவோடு அடுத்த படகிலேயே ஏறுகிறேன்.

கிளெம்

*

ஆன்ஸ் க்ளோட்,
16 நவம்பர் 2017

கிளெம்,

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். ஆம், அன்றைக்கு ஒருவர் கூப்பிட்டார். யார், என்ன என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். எங்கள் காதில் விழுவதெல்லாம் எங்கள் சொத்து இல்லை. உன் இரண்டாவது கேள்விக்கும் இப்போது பதில் கிடையாது. உன் அம்மாவும் நானும் பேசி முடிவு செய்த விஷயம் அது. இனி அதைக் கேட்காதே.

அந்த ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியாது. அவசரத்தில் நான் அப்படிச் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன். "கொஞ்சம் பொறு" என்பது கேட்டுக்கொள்கிற பேச்சு. கேட்டுக்கொண்டிருந்தால் நீ "எவ்வளவு நேரம்?" என்று மறுபடி கத்தியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? உனக்கு உறைக்கிற வார்த்தை எதுவோ அதைச் சொன்னேன். அதே இடத்தில் அதே நேரம் மறுபடி வந்தால் அதையேதான் சொல்வேன், இன்னும் சத்தமாக.

குழாயடியில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். "புள்ள இல்லாதவ, பொட்டிய வளக்குறா." நீ இங்கே இருந்த காலத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கோபப்படுவாய், பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் டஷீன் கிழங்கு, ஒருத்தி கையில் சுட்ட ரொட்டி, ஒருத்தி கையில் தலையணை உறை. "ஒடெட், என் மகன் மார்ட்டினிக்ல இருந்து லெட்டர் போட்டிருக்கான். நீ என் பேரச் சொன்னத அங்க கேட்டானாம். பஸ் ஸ்டாண்டுலயே ஒக்காந்து அழுதானாம்" என்று சொல்லி அவர்களில் ஒருத்தி அழுதாள். நான் மைக் பிடித்த கைக்கு அவள் முத்தம் கொடுத்தாள், கிளெம். ஒரு ராணிக்குக்கூட அப்படிக் கிடைக்காது. இந்த ஊரை விட்டு, அந்தக் கம்பத்தை விட்டு, நான் எங்கேயும் வருவதாக இல்லை. அடுத்த புயலுக்கு ஒன்பது பேர் போதாது. பதினைந்து பேராக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் மீன் சங்கத்தில் கூடுகிறோம்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வராது. உன் குரல் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வந்தபோது நெஞ்சு எகிறியது. இரண்டு நாளாக நான் கேட்காத குரல்களே இல்லை, கேட்க ஏங்கிய குரல் அது ஒன்றுதான். அதைத்தான் என் வாயால் மூடச் சொன்னேன். எனக்கு அது சுலபமாக இருந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்த மூன்று மூச்சில் நான் செய்த வேலையைவிடக் கடினமான வேலையை என் ஆயுளில் செய்ததில்லை. அதை நான் செய்தேன். அதற்காக உன்னிடம் தலைகுனியச் சொல்லாதே.

மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக வருவதானால் வராதே. நான் ஒடெட், நீ கிளெம், அவ்வளவு போதும் என்றால் வா. வீடு பூட்டியிருக்காது, பூட்டுவதற்குக் கதவு இல்லை.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஒடெட்

*

போர்ட் ஆஃப் ஸ்பெயின்,
11 டிசம்பர் 2017

என் ஒடெட்,

பதினேழாம் தேதி படகில் கம்பெனிக் குழுவோடு வருகிறேன். தலைமை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கயிறு இழுக்கும் ஆளாக வருகிறேன், அது போதும். அதற்குமுன் இது உன் கையில் இருக்க வேண்டும் என்று இன்றைய படகில் அனுப்புகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உடைந்துவிடுவேன்.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முந்தாநாள் சனிக்கிழமை ராம்கிஸ்ஸூன் ஆள் அனுப்பினார். இங்கே அவர்களுடைய ரேடியோ கிளப் மாடியில் கம்பம் சாய்ந்துவிட்டது, ஏறத் தெரிந்த ஆள் வேண்டும், அவர் மனைவி தால்பூரி கட்டித் தருவார் என்று. ஏறி, நிமிர்த்தி, முறுக்கிக் கொடுத்தேன். இறங்கி வந்து பின்வரிசையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். முன்னால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடத்தியது மிஸ் ஆல்வா என்று ஒரு அம்மா. அவருக்கு என்னை யாரென்று தெரியாது.

"இன்னிக்கு எப்படிப் பேசறதுன்னு சொல்லித் தரப் போறதில்ல. எப்படிக் கேக்கறதுன்னு பாப்போம். மரியா புயலப்போ நம்ம ராம்கிஸ்ஸூன் ஐயா வீட்ல பதிவு பண்ணது இது" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார். ராம்கிஸ்ஸூன் பதறி எழுந்தார். "ஆல்வா, இது வேணாம்மா, வேற எதாவது போடு" என்றார். அதற்குள் என் குரல் அறை முழுக்க வந்துவிட்டது. "ஒடெட்! நான் கிளெம்! அம்மா எங்க இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையன், "யாரு மிஸ் இந்தக் கழுதை?" என்றான். ரொட்டியைக் கீழே வைத்தேன். தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"என்ன கேட்டுச்சு?" என்று கேட்டார் மிஸ் ஆல்வா. ஒரு ஆள் கத்துவது கேட்டது என்றார்கள். "மறுபடி கேளுங்க. அந்த ஆள விட்டுருங்க. அவனுக்கு அடியில என்ன இருக்குன்னு கேளுங்க." மறுபடியும் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை ஏதோ திருகி, என் குரலைக் கொஞ்சம் அமுக்கிப் போட்டார்.

அடியில் ஒரு ஆள் இருந்தார், ஒடெட். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "மோர்ன் கப்ரி... மோர்ன் கப்ரி... பேட்டரி முடியுது... சுவரு விழுந்து... மா டில்டா... ரத்தம் நிக்கல..."

லூகே வாத்தியார் குரல். ஆறாம் வகுப்பில் என் காதைத் திருகிய குரல் எனக்குத் தெரியாமல் போகுமா? என் அம்மா எங்கே என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். என் அம்மா எங்கே என்று எனக்கடியில் ஒரு மனிதர் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கத்தல் அவரை மிதித்துக்கொண்டு நிற்கிறது.

பிறகு நீ வந்தாய். "எல்லாரும் நிறுத்துங்க! ட்ரினிடாட், வாய மூடு!" அதற்குப் பின் வந்ததை அன்றைக்கு நான் கேட்கவே இல்லை, ஹெட்போனை எறிந்துவிட்டுப் போய்விட்டேனே. இப்போது கேட்டேன். "மோர்ன் கப்ரி, நான் கேட்டுட்டேன். பேட்டரிய மிச்சம் பிடிங்க, பேச வேணாம். நான் சொல்றேன், சரின்னா ஒரு தடவ மைக்க அழுத்துங்க. ஒரு பொம்பள, சுவருக்கு அடியில, ரத்தம் போகுது, இன்னிக்கே ஹெலிகாப்டர் வேணும். சரியா?" ஒரு 'டிக்'. அவ்வளவுதான். அதோடு அந்தப் பக்கம் செத்துவிட்டது. உன் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. சொல்லப்பட்ட பேர் யார் பேர் என்று உனக்குத் தெரியும். அவளைக் கேட்டுக் கத்துகிறவன் யாரென்றும் தெரியும். தெரிந்துகொண்டே நேராகத் தலைநகரைக் கூப்பிட்டு ஊர், வழி, இறங்க இடம் எல்லாம் பிசகில்லாமல் சொன்னாய்.

மிஸ் ஆல்வா பதிவை நிறுத்தினார். "இருபது வருஷமா இந்த வேல பாக்குறேன். இந்தக் கத்தலுக்கு அடியில அந்தக் குரல் எனக்குக் கேட்டிருக்காது. இவங்களுக்குக் கேட்டிருக்கு. கத்துன ஆள் இன்னும் ஒரு பத்து செகண்டு பேசியிருந்தா அந்தப் பேட்டரி போயிருக்கும்" என்றார்.

நான் ராம்கிஸ்ஸூனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன், ஏன் ஐயா சொல்லவில்லை என்று. "அது எனக்கு வந்த சேதி இல்ல தம்பி" என்றார். உங்கள் ஆட்களே இப்படித்தான் போலிருக்கிறது. நீயும் அம்மாவும் சேர்ந்து மூடி வைத்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தால் நான் என்னையே மன்னிக்க மாட்டேன் என்று பயந்தீர்கள். நான் உன்னைத் திட்டித் திட்டி எழுதிய கடிதங்களையெல்லாம் நீ அப்படியே வாங்கிக்கொண்டாய். ஒரு வரி எழுதி என்னைத் தரைமட்டமாக்கியிருக்கலாம். நீ எழுதவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இவ்ளோ நல்லாக் கேட்டாங்களே, அந்த அம்மா யாரு?"

"டொமினிக்காக்காரங்க. அவங்க ரேடியோ அழைப்புக்குறி மட்டும் இருக்கு. முழுப் பேரு தெரியல" என்றார் மிஸ் ஆல்வா.

நான் எழுந்தேன். கையெல்லாம் எண்ணெய், சட்டையெல்லாம் துரு. தொப்பியைக் கழற்றினேன். மூன்று மாதமாக யார்டில் யார் கண்ணையும் பார்க்காமல் திரிந்தவன், அங்கே இருந்த அத்தனை பேரையும் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்தக் கழுதை நான்தான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "சுவருக்கு அடியில இருந்தது எங்கம்மா. இப்போ ஊன்றுகோல் வெச்சு நடக்குறா, ஆஸ்பத்திரியையே ஆட்டி வைக்கிறா. அந்த அம்மா யாருன்னு கேட்டீங்கல்ல? என் பொண்டாட்டி. பேரு ஒடெட் ப்ராஸ்பர். ஆன்ஸ் க்ளோட் மீன் சங்கத்துல கணக்கு எழுதுறா. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள், ஒடெட். இருபத்திரண்டு பேர்.

உன் புருஷன்,
கிளெமென்ட் ப்ராஸ்பர்